மால்டீஸ் ஃபால்கன் (1941): பார்க்கப் போகிறவர்களும் பார்த்துவிட்டுக் குழம்பியவர்களும் கேட்கும் கேள்விகள்

பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘மால்டீஸ் ஃபால்கன்’ பெயர் வராமல் போகாது. அதைப் பார்த்தவர்கள் கேட்கிற சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் எட்டுக் கேள்விகளில் கதையின் முடிவு வெளிப்படாது. படம் பார்க்காதவர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

1. இது என்ன படம்? ஏன் இன்னும் இதைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க?

டேஷியல் ஹேமெட் எழுதி 1930இல் புத்தகமாக வந்த நாவலை வைத்து வார்னர் பிரதர்ஸ் எடுத்த படம். 1941 அக்டோபரில் வெளியானது, 100 நிமிடம். திரைக்கதையும் இயக்கமும் ஜான் ஹூஸ்டன். அதுவரை வசனம், திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த அவர் இயக்கிய முதல் படம் இதுதான். சான் பிரான்சிஸ்கோவில் சாம் ஸ்பேட் (ஹம்ஃப்ரி போகார்ட்) என்ற தனியார் துப்பறிவாளர், அவரிடம் உதவி கேட்டு வரும் ஒரு பெண், கறுப்புப் பறவைச் சிலை ஒன்றைத் தேடி அலையும் ஒரு கூட்டம். கதை இவ்வளவுதான்.

ஆஸ்கருக்கு மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய படம் இது. ஆனால் 1989இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது முதல் தொகுதியில் சேர்த்த 25 படங்களில் இதுவும் ஒன்று. பிறகு வந்த தனியார் துப்பறிவாளர் படங்கள் எல்லாம் இதைப் பின்பற்றியோ, வேண்டுமென்றே இதிலிருந்து விலகியோதான் எடுக்கப்பட்டன.

2. ‘ஃபிலிம் நுவார்’னா என்ன? கறுப்பு வெள்ளையில இருந்தா நுவாரா?

இல்லை. ‘நுவார்’ என்றால் பிரெஞ்சில் கறுப்பு. இந்தப் பெயரை ஹாலிவுட்காரர்கள் வைக்கவில்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. 1946இல் நான்கைந்து வருடப் படங்கள் பாரிசில் மொத்தமாக வந்து இறங்கின, அவற்றில் இதுவும் இருந்தது. அடுத்தடுத்துப் பார்த்த விமர்சகர்களுக்கு, அமெரிக்கக் குற்றப் படங்களின் குணமே மாறிவிட்டது பளிச்சென்று தெரிந்தது. நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அந்த வருடமே இந்தச் சொல்லைப் பயன்படுத்தி எழுதினார். படம் எடுத்தபோது ஹூஸ்டனுக்குத் தான் எடுப்பது ‘நுவார்’ என்று தெரியாது.

அடையாளம் நிறத்தில் இல்லை, கதை மாந்தர்களின் நிலையில் இருக்கிறது. யாரும் முழுக்க நல்லவர் இல்லை. போலீஸ் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இல்லை. பணமோ ஆசையோ ஒருவரை ஓர் அடி தவறாக எடுத்துவைக்கச் செய்யும், அதன் பிறகு திரும்ப வழி இருக்காது. இருட்டும் நிழலும் இந்த மனநிலைக்குப் போட்ட உடை.

3. பாதியிலேயே குழம்புது. யார் யாருன்னே பிடிபடல. என்ன பண்றது?

பெரும்பாலும் குழப்பம் பெயர்களால் வருகிறது. நாயகி முதல் காட்சியில் மிஸ் வொண்டர்லி, பிறகு மிஸ் லெப்லாங்க், கடைசியில் பிரிஜிட் ஓஷானசி. மூன்றும் ஒரே ஆள் (மேரி ஆஸ்டர்). இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தாலே பாதிச் சிக்கல் தீரும். மைல்ஸ் ஆர்ச்சர், ஸ்பேடின் தொழில் பங்காளி. அவர் மனைவி ஐவா. ஐவாவுக்கும் ஸ்பேடுக்கும் கள்ள உறவு உண்டு, அதனால்தான் ஆர்ச்சர் கொல்லப்பட்டதும் போலீஸ் ஸ்பேடையே சந்தேகிக்கிறது. எஃபி, அலுவலக உதவியாளர். ஜோயல் கெய்ரோ, வாசனைத் திரவியம் மணக்க வரும் சிறிய மனிதர் (பீட்டர் லோரி). காஸ்பர் கட்மன், பருத்த உடல்காரர் (சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்). வில்மர், அவரிடம் வேலை செய்யும் துப்பாக்கிப் பையன்.

இன்னொரு காரணம், முக்கியமான இரண்டு பேர் திரையில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஃப்ளாய்ட் தர்ஸ்பியைப் பற்றிப் பேச்சுதான் வரும், முகம் வராது. கப்பல் தலைவர் ஜகோபி ஒரே ஒருமுறை வருவார். இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்மனே படம் பாதியை நெருங்கும்போதுதான் வருகிறார், அதுவரை பொறுமை வேண்டும். வசனம் மிக வேகம், ஆகவே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டில் போட்டே பாருங்கள்.

4. சண்டை இல்ல, சேஸிங் இல்ல, ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல என்னங்க சுவாரஸ்யம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இந்தப் படத்தில் துப்பாக்கி சுடுவதை நேரில் காட்டுவது ஒரே காட்சியில்தான். ஸ்பேட் ஒருமுறைகூடச் சுடுவதில்லை, துப்பாக்கி வைத்துக்கொள்வதே பிடிக்காது என்கிறார். ஒவ்வொரு அறையிலும் நடப்பது பேரம். எதிராளிக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாமலே, தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் பேரம். சீட்டாட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் சுவாரஸ்யம் அது. யார் பொய் சொல்கிறார் என்று பார்க்காதீர்கள், எல்லோரும்தான் சொல்கிறார்கள். யாருடைய பொய் எந்த இடத்தில் இடறுகிறது என்று பாருங்கள்.

ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் ஸ்பேட் இருக்கிறார். அவர் பார்ப்பதுதான் நமக்கும் தெரியும். ஆனால் அவர் மனதில் ஓடுவது மட்டும் கடைசி வரை தெரியாது. ஆளின் தோளுக்குப் பக்கத்திலேயே நம்மை நிறுத்திவிட்டு, உள்ளே மட்டும் விடாமல் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இந்தப் படத்தின் பிடி முழுக்க அந்தச் சாத்திய கதவில்தான் இருக்கிறது. யார் கொலை செய்தார் என்ற புதிரை மட்டும் எதிர்பார்த்துப் பார்ப்பவர்களுக்குப் படம் சப்பென்று இருப்பது இதனால்தான். பார்க்க வேண்டிய புதிர் ஸ்பேட்.

ஓர் இடம் சொல்கிறோம். கட்மனை முதல்முறை ஓட்டல் அறையில் சந்திக்கும்போது ஸ்பேட் கோபத்தில் வெடிக்கிறார், கண்ணாடிக் குவளையை உடைக்கிறார், கெடு விதித்துவிட்டுக் கதவை அறைந்து வெளியே வருகிறார். தாழ்வாரத்தில் நடந்தபடியே தன் கையைப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வருகிறது. கோபம் நடிப்பு, நடுக்கம் நிஜம். ஒரு வசனம்கூட இல்லாமல் சில நொடியில் கடந்துபோகும் இதைத் தவறவிட்டால் ஸ்பேட் வெறும் முரட்டு ஆளாகத்தான் தெரிவார்.

5. லைட்டிங் பத்தி எல்லாரும் பெருசா சொல்றாங்க. சாதாரணமா பார்க்கிறவங்களுக்கு அதுல என்ன தெரியும்?

வழக்கமாக ஒரு முகத்துக்கு மூன்று விளக்குகள் வைப்பார்கள். முக்கிய விளக்கு ஒரு பக்கத்திலிருந்து, அது போடும் நிழலைக் கரைக்க எதிர்ப்பக்கம் நிரப்பு விளக்கு, ஆளைப் பின்புலத்திலிருந்து பிரித்துக்காட்டப் பின்னால் ஒன்று. நிரப்பு விளக்கைக் குறைத்தாலோ எடுத்துவிட்டாலோ முகத்தில் பாதி இருளில் போய்விடும். நுவார் வெளிச்சத்தின் அடிப்படை இவ்வளவுதான். 1938இல் ஈஸ்ட்மன் கோடக் கொண்டுவந்த வேகமான ஃபிலிம்களுக்குக் குறைந்த வெளிச்சமே போதுமாக இருந்தது, அதுவும் கைகொடுத்தது. ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்த இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்களின் பாணியும் இதில் கலந்திருக்கிறது.

போர்க்காலச் சிக்கனத்தால்தான் இந்த இருட்டு வந்தது என்று பலர் எழுதுவார்கள். பிற்காலப் படங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். 1942இல் ஒரு படத்தின் செட்டுக்குப் புதுப் பொருட்கள் 5,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடே வந்தது. ஆனால் இந்தப் படம், அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகிவிட்டது. உண்மையில் 1944க்குப் பிறகு வந்த படங்களை ஒப்பிட்டால் இதில் இருட்டு குறைவு.

ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் இங்கே அதிகம் நம்பியது கேமரா வைக்கும் உயரத்தை. கட்மன் வரும் காட்சிகளில் கேமரா தரைக்கு அருகில் இருக்கும். கடிகாரச் சங்கிலி தொங்கும் வயிறு திரையை அடைத்துக்கொள்ளும், மேலே உத்தரக் கூரை தெரியும். அறையை விட்டுத் தப்ப முடியாது என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது. ஸ்பேடின் அலுவலகத்தில் ஜன்னல் கண்ணாடியில் எழுதிய ‘ஸ்பேட் அண்ட் ஆர்ச்சர்’ என்ற பெயரின் நிழல் தரையில் விழுந்து கிடப்பதையும் கவனியுங்கள். ஹூஸ்டன் ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைத்துக்கொண்டு வந்தவர். அந்த நிழல் தற்செயலாக விழுந்ததில்லை.

6. எங்க டிவியில மங்கலா, ஒரு மாதிரி நீலமா தெரியுது. செட்டிங்ஸ்ல என்ன மாத்தணும்?

நான்கு விஷயம். முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அது இருந்தால் 1941ஆம் வருடத்துப் படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்து, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள், நீலம் போய்விடும். மூன்றாவது, படத்தின் விகிதம் 1.37:1. அகலத் திரையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் படம் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்ப இழுத்தால் கட்மன் இன்னும் பருத்துவிடுவார். ஜூம் செய்தால் 5ஆம் பதிலில் சொன்ன கூரையே வெட்டுப்பட்டுப் போகும்.

கடைசியாக, அறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டான கோட் போட்ட ஆள் வரும் ஒரு காட்சியில் நிறுத்துங்கள். கோட்டின் மடிப்பு லேசாகத் தெரிய வேண்டும். ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தால் பிரைட்னஸை ஓரிரு புள்ளி ஏற்றுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தால் குறையுங்கள்.

7. கலர் பிரதி ஒண்ணு இருக்காமே, அதைப் பார்க்கலாமா?

வேண்டாம். 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னரின் நிறுவனம் கணினி மூலம் வண்ணமேற்றிய பிரதி அது. அப்போது உயிரோடிருந்த ஹூஸ்டன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். வண்ணம் ஏறியதும் நிழலின் விளிம்பு கரைந்துவிடுகிறது, முகமும் சுவரும் ஒரே தட்டையாகிவிடுகின்றன. 5ஆம் பதிலில் சொன்ன எதுவும் அதில் மிஞ்சாது.

8. இதுக்கு முன்னாடியே இதே கதையை எடுத்தாங்களாமே? போகார்ட்டும் முதல் சாய்ஸ் இல்லையாமே?

இரண்டும் உண்மை. வார்னர் பிரதர்ஸே 1931இல் இதே பெயரில் எடுத்தது, ரிக்கார்டோ கோர்டஸ் ஸ்பேடாக நடித்தார். 1936இல் கதையை நகைச்சுவையாக மாற்றி, வேறு பெயரில், பெட்டி டேவிஸை வைத்து மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது முயற்சிதான் நாம் பேசுவது. ஹூஸ்டன் செய்த பெரிய காரியம், நாவலின் வசனங்களை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொண்டதுதான்.

ஸ்பேட் வேடம் முதலில் ஜார்ஜ் ராஃப்டிடம் போனது. அனுபவமில்லாத இயக்குநர், அதுவும் மறுபடி எடுக்கும் கதை என்று அவர் மறுத்துவிட்டார். ஹம்ஃப்ரி போகார்ட் அதுவரை பெரும்பாலும் அடியாள், கொள்ளைக்காரன் வேடங்களில் வந்தவர். நாயகனாக இருக்கும்போதும் இவர் எந்த நிமிடமும் கெட்டவராக மாறிவிடலாம் என்று பார்ப்பவருக்குத் தோன்ற அதுவே உதவியது. கிரீன்ஸ்ட்ரீட் பல வருடம் மேடையில் நடித்தவர். 61 வயதில் அவர் நடித்த முதல் திரைப்படம் இது.

இனிவரும் பதில்களில் முடிவு வெளிப்படும்.

9. ஆர்ச்சரைக் கொன்னது பிரிஜிட்தான்னு ஸ்பேடுக்கு எப்போ தெரிஞ்சுது? சும்மா ஊகமா?

ஊகம் இல்லை, பிணத்தைப் பார்த்த இடத்திலேயே துப்பு இருக்கிறது. ஆர்ச்சரின் துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது, மேல்கோட்டின் பொத்தான் கழற்றப்படவில்லை. பல வருட அனுபவமுள்ள துப்பறிவாளர், தான் பின்தொடரும் ஆளான தர்ஸ்பியை நம்பி இருட்டுச் சந்துக்குள் அப்படிப் போகமாட்டார். அழகான வாடிக்கையாளர் கூப்பிட்டால் போவார். ஆர்ச்சரின் சபலம் முதல் காட்சியிலேயே காட்டப்பட்டுவிட்டது.

காரணமும் நேரானது. தர்ஸ்பி அவளுடைய கூட்டாளி, அவனைக் கழற்றிவிட வேண்டும். அவனுடைய துப்பாக்கியால் ஆர்ச்சரைச் சுட்டால் பழி அவன்மேல் விழும். ஆனால் அதே இரவில் தர்ஸ்பியையும் வில்மர் சுட்டுவிட, அவளுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது, ஸ்பேடிடமே திரும்பி வந்தாள். ஜகோபியைச் சுட்டதும் வில்மர்தான். எந்த நிமிடத்தில் ஸ்பேடுக்குச் சந்தேகம் உறுதியானது என்பதைப் படம் சொல்வதில்லை. 4ஆம் பதிலில் சொன்ன சாத்திய கதவு இதுதான்.

10. அவளைக் காதலிக்கிறான்தானே? அப்புறம் ஏன் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தான்? மனசே இல்லையா?

மனசு இருப்பதால்தான் அந்தக் கடைசிப் பேச்சு அவ்வளவு நீளம். ஒன்று ஒன்றாகக் காரணம் அடுக்குகிறார். பங்காளி கொல்லப்பட்டால், அவனைப் பிடித்திருந்ததோ இல்லையோ, ஏதாவது செய்தாக வேண்டும். கொலையாளியைத் தப்பவிடுவது துப்பறியும் தொழிலுக்கே கேடு. விட்டுவிட்டால் அவளுடைய பிடி இவர்மேலும், இவர் பிடி அவள்மேலும் கடைசி வரை இருக்கும். என்றைக்காவது அவள் தன்னையும் சுடமாட்டாள் என்று என்ன நிச்சயம்? இத்தனைக்கும் எதிர்த்தட்டில் வைக்க இருப்பது ஒன்றே ஒன்று: ஒருவேளை ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்பது.

அந்தக் காட்சியில் போகார்ட்டின் முகத்தைப் பாருங்கள். கண் ஓரிடத்தில் நிற்காது, குரல் கம்மும். அவளுக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்கிறார். கல்நெஞ்சக்காரனுக்கு இத்தனை காரணம் தேவைப்படாது.

11. கடைசில பறவையே போலி! 100 நிமிஷம் உட்கார்ந்தது இதுக்குத்தானா?

கறுப்புப் பூச்சுக்கு அடியில் ரத்தினம் பதித்த தங்கம் இருக்கும் என்று கட்மன் பேனாக்கத்தியால் சுரண்டுகிறார், உள்ளே ஈயம். கெய்ரோ அழுகிறார். கட்மன் ஒரு நிமிடம் ஆடிப்போகிறார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அசலைத் தேடி இஸ்தான்புல்லுக்குப் புறப்படத் தயாராகிறார். 17 வருடம் தேடியவருக்கு இன்னும் ஒரு வருடம் தேடுவது பெரிதில்லை. அந்தப் பறவை நிஜமாக இருந்து யாராவது விற்றுப் பணமாக்கியிருந்தால் இது நகைக்கொள்ளைக் கதையாகச் சுருங்கியிருக்கும். மூன்று உயிர் எதற்காகப் போனதோ அந்தப் பொருள் அங்கே இல்லவே இல்லை என்பதுதான் வலிக்க வேண்டும்.

படத்துக்காக ஈயத்தில் வார்த்த சிலை ஒன்று 20 கிலோ இருக்கும். 2013 நவம்பரில் நியூயார்க்கில் பான்ஹம்ஸ் ஏலத்தில் அது 40 லட்சம் டாலருக்கு மேல் போனது.

12. மால்டா வீரர்கள் தங்கப் பறவை குடுத்தது வரலாறா, கட்டுக்கதையா?

பாதி வரலாறு. ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் மால்டா தீவை ஹாஸ்பிட்டலர் என்ற சமய வீரர் அமைப்புக்குக் கொடுத்தார். வருடத்துக்கு ஒரு வல்லூறு கப்பமாகக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அது உயிருள்ள பறவை. ரத்தினம் பதித்த தங்கச் சிலை ஹேமெட்டின் கற்பனை. படத்தின் தொடக்க எழுத்தில் ‘டெம்ப்ளர் வீரர்கள்’ என்று வேறோர் அமைப்பின் பெயர் வருவது பிழை. தங்கப் பறவையை 1539இல் கொடுத்ததாகப் படம் சொல்கிறது, டெம்ப்ளர் அமைப்போ 1312லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

13. கெய்ரோவை ஏன் அப்படிக் காட்டியிருக்காங்க? சென்சார் எப்படி விட்டாங்க?

நாவலில் கெய்ரோ தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. 1934 முதல் கண்டிப்பாக அமலில் இருந்த தயாரிப்பு நெறிமுறைகள் (ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள்) அதை வாயால் சொல்ல அனுமதிக்கவில்லை. ஆகவே கார்டேனியா பூ மணக்கும் விசிட்டிங் கார்டு, கைத்தடியின் பிடியை உதட்டருகே கொண்டுபோவது என்று சைகையால் சொன்னார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட்டின் இளக்காரம் அதில் இருக்கிறது, இன்று பார்க்கும்போது உறுத்தவே செய்யும். ஆனால் பீட்டர் லோரி அந்த மனிதருக்கு ஒரு கௌரவத்தையும் கொடுத்திருக்கிறார்.

வில்மரை ஸ்பேட் ‘கன்செல்’ என்று சொல்வது இன்னொரு தந்திரம். பெரியவர் ஒருவர் உடன் வைத்துக்கொள்ளும் பையனைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது, வாத்துக்குஞ்சு என்று பொருள்படும் இட்டிஷ் சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கிக்காரன் என்று பொருள்போல என நினைத்து விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே அந்தப் பொருளும் ஒட்டிக்கொண்டது.

14. நாவல் படிச்சவங்களுக்குப் படத்துல புதுசா என்ன இருக்கு?

முடிவு. நாவலில் வில்மர் கட்மனைச் சுட்டுவிடுவான். மறுநாள் காலை அலுவலகத்தில் எஃபி, பிரிஜிட்டைக் கொடுத்துவிட்டாரே என்று ஸ்பேடிடம் முகம் கொடுக்காமல் விலகுவாள். படத்தில் எல்லோரும் போலீசிடம் அகப்படுகிறார்கள். பிரிஜிட்டை லிஃப்டில் ஏற்றுகிறார்கள், கம்பிக்கதவு சாத்துகிறது, கம்பியின் நிழல் அவள் முகத்தில் விழுகிறது. சிறை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஸ்பேட் பறவையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்குகிறார். கனவைப் பற்றி அவர் சொல்லும் கடைசி வசனமும் நாவலில் கிடையாது, ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ வரியைச் சற்று மாற்றியது. ஆர்ச்சர் சுடப்படுவதும் நாவலில் நேரில் வராது.

15. தமிழ்ல இந்த மாதிரி எதாவது உண்டா?

எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த ‘அந்த நாள்’ பாருங்கள். பாட்டே கிடையாது. சுடப்பட்டுக் கிடக்கும் ரேடியோ இன்ஜினியராக சிவாஜி கணேசன், விசாரிக்கும் சி.ஐ.டி.யாக ஜாவர் சீதாராமன். நிழலைக் கையாண்ட விதத்திலும், நாயகன் நல்லவன்தானா என்று கடைசி வரை தடுமாறவிடும் விதத்திலும் நுவாருக்கு உறவுக்காரப் படம். ஆங்கிலத்தில் அடுத்து ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944), ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947) என்ற வரிசையில் போகலாம். 2ஆம் பதிலில் சொன்ன ‘ஓர் அடி தவறுவது’ அவற்றில் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

16. கதை தெரிஞ்சுபோச்சே, ரெண்டாவது தடவை பார்க்க என்ன இருக்கு?

மேரி ஆஸ்டரைப் பார்க்கலாம். முதல்முறை அவர் பயத்தில் மூச்சு வாங்குவதாகத் தோன்றும். இரண்டாம் முறை அந்தப் பயத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கணக்கு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குவீர்கள். அந்த மூச்சிரைப்புக்காகவே காட்சிக்கு முன் செட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்து நின்றாராம் ஆஸ்டர்.

முதல் காட்சியில் தங்கையைக் காணோம் என்று கதை சொல்லிவிட்டு நூறு டாலர் நோட்டை எடுத்து வைக்கிறாள். ஸ்பேடும் ஆர்ச்சரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு நூறையும் வைக்கிறாள். காணாமல்போன தங்கைக்காகக் கதறுபவள் அவ்வளவு பணத்தோடு வருவதும், கேட்காமலே கூட்டித் தருவதும் ஸ்பேடுக்கு உறைத்துவிட்டது. உன் கதையை நம்பவில்லை, உன் 200 டாலரைத்தான் நம்பினோம் என்று பின்னால் அவளிடமே சொல்வார். அந்த நோட்டுகள் மேஜைமேல் விழும்போது ஸ்பேடின் முகத்தை மறுபடி பாருங்கள்.